கந்தப்பு அண்ணைக்கு மிஞ்சிய சொல்

தோட்டத்தில் வெங்காயம் கிண்டியெடுத்து முடிந்த கிழமை அது. ஒழுங்கை முழுக்கக் காய்ந்த வெங்காயத் தாளின் மணம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் பிடித்துவிட்டது. காலையில் கொடியில் போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் எடுத்தால் செம்மண் புழுதி ஏறிச் சாமியாரின் வேட்டிபோல இருக்கும். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற வருஷம். கந்தப்பு அண்ணை இறைப்பு மிசினைச் சாக்கால் மூடிக் கட்டிவிட்டு, துலா மிதித்து இறைத்துத்தான் அந்தப் போகத்தை எடுத்திருந்தார்.

அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு. கறிவேப்பிலை, நெருப்புத் தணல், ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டு வழியாகத்தான் போய் வரும். அவருடைய குரலுக்கு மட்டும் பொட்டுத் தேவையில்லை. தோட்டத்தில் நின்று அவர் கதைத்தால் நான் குசினிக்குள் நின்று பதில் சொல்லலாம்.

அன்று அவர்களுடைய மாமரத்தின் கீழே நாலைந்து பெண்கள் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கந்தப்பு அண்ணையும் மனைவி ஞானாம்பிகையும் மகள் பராசக்தியும் அவர்களோடு இருந்தார்கள். ஒழுங்கை முடக்கில் இருக்கும் நல்லம்மா கட்டிய பிடியை அவர் கையில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லம்மா, இதென்ன பிடி? ஐயர் மடிச்சுத் தாற விபூதிப் பொட்டலம் மாதிரிக் கிடக்கு. சந்தையிலை வியாபாரி கண்டானெண்டால் உன்னையும் சேர்த்துத்தான் விலை கேப்பான்."

"கேக்கட்டுமன். உங்களை ஆர் கேக்கப் போறான்?"

"கேட்டால் ஞானம் என்னைச் சும்மாவே குடுத்துப்போடுவாள். சாக்கிலை போட்டு."

"சாக்கு இப்ப எடுக்கேலாத சாமான். அதைக் குடுக்க மாட்டன்" என்றார் ஞானம் அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பு அண்ணை அதற்கு ஏதோ பதில் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். சொற்கள் குழைந்து வந்தன.

"வெத்திலையை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு கதையாதேங்கோ. துப்பிப்போட்டு வந்து கதையுங்கோ" என்றார் ஞானம் அக்கா.

அவர் துப்பவில்லை. வெற்றிலைச் சாறு வாயின் வலது பக்கத்தால் வழிந்து நெஞ்சில் இறங்கியது. நல்லம்மா அதைக் கண்டும் சிரித்தாள். "பாருங்கோ, பச்சைப்பிள்ளை மாதிரி" என்றாள். அவருடைய வலக்கையிலிருந்து வெங்காயப் பிடி நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

என் கணவர் கிளரன்ஸ் சைக்கிளில் சந்திக்குப் பறந்து போய் ஒரு பழைய காரைக் கூட்டி வந்தார். நாலு துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். பராசக்தி விளக்குக்கு வைத்திருந்த இரண்டு போத்தல் எண்ணெயையும் கொண்டுவந்து சாரதியின் மடியில் வைத்தாள். கரும்புகையைக் கக்கிக்கொண்டு கார் யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துப் பாரிசவாதம் வந்திருக்கிறது என்றும், இரத்தப் பிறசர் அளவுக்கு மிஞ்சி ஏறி நின்றிருக்கிறது என்றும் அங்கே சொன்னார்கள்.

உயிருக்கு ஒன்றும் வரவில்லை. பொல்லை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து அவர் படலையடிக்கு வந்து நின்ற அன்று ஒழுங்கையே திரண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"வீட்டை வந்திட்டம். தெரியுதே உங்களுக்கு?" என்று ஞானம் அக்கா கேட்டார்.

அவர் வளவைப் பார்த்தார். மாமரத்தைப் பார்த்தார். கூடி நின்ற எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கோதாரி" என்றார்.

முன்னொரு காலத்தில் ஊர்களை அழித்த கொள்ளைநோயின் பெயர் அது. எங்கள் ஊரில் மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும், சைக்கிளுக்குக் காற்றுப் போனாலும் வாயில் வருகிற வசவும் அதுதான். ஆனால் அன்று அதைக் கேட்டு ஞானம் அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டார். "கதைச்சிட்டார், ரீச்சர்! என்ரை மனிசன் கதைச்சிட்டார்!"

பொழுதுபடுவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

"தேத்தண்ணி தரட்டே?"

"கோதாரி."

"வேண்டாமே?"

"கோதாரி."

மெல்ல மெல்ல நாங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பழகிக்கொண்டோம். இழுத்துச் சொன்னால் ஓம். வெட்டிச் சொன்னால் இல்லை. கோயில் ஐயர் விபூதி கொண்டுவந்து, "என்ன கந்தப்பு, சுகமே?" என்று கேட்டபோதும் அதே பதில்தான். பராசக்தி வெட்கத்தால் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஐயரோ பெருமூச்சு விட்டு, "ஓம், ஓம். நாடு கிடக்கிற கிடையிலை வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

அதைவிடப் புதினம் வெள்ளிக்கிழமை நடந்தது. பராசக்தி விளக்கேற்றித் தேவாரம் தொடங்கியதும், கதிரையில் இருந்தவர் கூடப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. பாட்டு முடியும்வரை நாங்கள் வேலியடியில் மூச்சுவிடாமல் நின்றோம். முடிந்ததும் ஞானம் அக்கா ஓடிப்போய், "தண்ணி வேணுமே?" என்று ஆசையோடு கேட்டார்.

"கோதாரி."

ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர் குணலட்சுமி இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "கதைக்கிற சொல்லு மூளையிலை ஒரு பக்கம் கிடக்கு. பாட்டும் வசவும் வேறை பக்கம். அவருக்கு எல்லாம் விளங்கும். சொல்லத்தான் வராது. பையப் பையச் சொல்லக் குடுங்கோ, வரும்" என்றார்.

"அப்ப அண்ணை, தேத்தண்ணியையும் பண்ணோடை பாடிக் கேளுங்கோவன்" என்றார் கிளரன்ஸ். கந்தப்பு அண்ணை பாதி வாயால் சிரித்தார். அந்த நாள்களில் அவரைச் சிரிக்க வைத்தது கிளரன்ஸ்தான். இன்று கிளரன்ஸ் இல்லை. அந்த வேலியும் இல்லை. இந்தக் கதையை அவர் சொல்லியிருந்தால் இதைவிட வடிவாகச் சொல்லியிருப்பார்.

நோயாளி பார்க்க வருகிற ஆட்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கொரு பாண் றாத்தலோ, முட்டையோ, கருவாட்டுச் சரையோ கையில் இருக்கும். கூடவே ஒரு சந்தேகமும் இருக்கும். "எனக்கும் விடிய எழும்பேக்கை இடக்கை விறைக்குது, அதுவும் இதுதானோ?" "படியேறினால் நெஞ்சு படபடக்குது. நெஞ்சுக்குள்ளை காத்தோ, இல்லாட்டி ஹாட்டோ?" "எங்கடை அப்பருக்கும் வந்தது, எனக்கும் வருமே?" கந்தப்பு அண்ணையைப் பார்க்க வந்து தங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நல்லம்மா எல்லோரிலும் மேல். கதிரையை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்கடை சித்தப்புவுக்கும் இப்பிடித்தான் அண்ணை. நல்லா எழும்பி நடந்து திரிஞ்சவர். பேந்து ரண்டாந்தரம் அடிச்சுது, ஆள் போயிட்டார்" என்றாள்.

"கோதாரி!" என்றார் அவர். அந்தச் சொல் அவ்வளவு பொருத்தமாக வந்தது அன்றுதான்.

ஆனால் 'ரண்டாந்தரம்' என்ற சொல் ஞானம் அக்காவின் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து அவருடைய குசினியில் இரண்டு சட்டிகள். கந்தப்பு அண்ணைக்கு உப்பில்லாத சொதி, தேங்காய்ப்பூக் குறைத்த புட்டு, அவித்த கீரை. மோர் மிளகாய்ப் போத்தலும் தேசிக்காய் ஊறுகாய்ச் சாடியும் அவர் கைக்கு எட்டாத தட்டுக்கு ஏறின. வந்த கருவாட்டை எறிய மனம் வரவில்லை. பராசக்தி கருவாடு தொடமாட்டாள். "இந்தக் காலத்திலை சாப்பாட்டுச் சாமானை வீணாக்கினால் பாவம்" என்று சொல்லி, நாளுக்கு நாள் ஞானம் அக்காவே பொரித்துச் சாப்பிட்டு முடித்தார்.

இந்த வேளையில்தான் கந்தப்பு அண்ணை அந்தச் சைகையைத் தொடங்கினார். சாப்பாடு வைக்க வந்த மனைவியை இடக்கையால் காட்டுவார். பிறகு ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்டுவார். "கோதாரி, கோதாரி" என்பார். திரும்பவும் மனைவியைக் காட்டுவார்.

"உப்போ? உப்புப் போட மாட்டன்" என்றார் ஞானம் அக்கா.

"கோதாரி." வெட்டிச் சொன்னார். இல்லை.

"சுருட்டே? கேளாதேங்கோ."

இல்லை.

"பேந்தென்ன? டொக்டரிட்டைப் போகோணுமே?"

"கோ...தாரி!" முகம் முழுக்க வெளிச்சம். ஓம்.

"என்னைப் பற்றியே டொக்டரிட்டைச் சொல்லப் போறியள்?"

அவர் பொல்லை விட்டுவிட்டு ஞானம் அக்காவின் கையையே பிடித்துவிட்டார். "கோ...தாரி! கோ...தாரி!"

ஞானம் அக்கா கையை இழுத்துக்கொண்டு நேராக வேலிப் பொட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"கேட்டியளே, ரீச்சர். இவ்வளவு காலமும் சமைச்சுப் போட்டன். குளிப்பாட்டி, உடுப்பாட்டி விடுறன். இப்ப என்னிலை டொக்டரிட்டைப் பெட்டிசம் குடுக்கப் போறாராம். உப்பில்லாமல் சமைக்கிறனாம்!"

"அப்பிடியிருக்காது அக்கா."

"வேறை எப்பிடி? என்னைக் காட்டிக் காட்டியெல்லே திட்டுறார். ஊரெல்லாம் கேக்குது. நல்லம்மா சந்தை வரைக்கும் கொண்டுபோயிட்டாள்."

அது உண்மை. கந்தப்பு பெண்சாதியோடு கோபம், அவள் அவரைப் பட்டினி போடுகிறாள் என்று அச்சுவேலிச் சந்தையில் என்னிடமே ஒருத்தி கேட்டாள்.

கிளரன்ஸ் பள்ளிக்கூடத்துச் சிலேற்று ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தார். "அண்ணை, எழுதிக் காட்டுங்கோ பாப்பம்." இடக்கையில் பென்சிலைப் பிடித்து அவர் நெடுநேரம் முயன்றார். கோழி கிண்டிய மண்போல நாலு கீறல் விழுந்தது. அதை அவரே உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் துடைத்துவிட்டுச் சிலேற்றைத் திருப்பி நீட்டினார். அன்றைக்குக் கிளரன்ஸும் பகிடி விடாமல் வீடு திரும்பினார்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குச் சில நாள் முன்னர் அவர் குளிசையை விழுங்க மறுத்தார். ஞானம் அக்கா குளிசையை நீட்டினால் வாங்குவார். வாங்கி, அதை அக்காவின் வாய்க்கே கொண்டுபோவார்.

"எனக்கென்னத்துக்கு? நீங்கள்தான் வருத்தக்காரன். விழுங்குங்கோ!"

அவர் வாயை இறுக்கிக்கொண்டார். அடுத்த நாளும் அப்படியே. ஞானம் அக்காவுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. "ரண்டாந்தரம் வந்தால் நான் என்ன செய்ய, ரீச்சர்? திட்டட்டும். பெட்டிசம் குடுக்கட்டும். குளிசையைப் போடச் சொல்லுங்கோ."

கிளரன்ஸ் போய் அவருக்கு முன்னால் குந்தி இருந்தார். "அண்ணை, உங்களுக்கு டொக்டரிட்டை ஒரு அலுவல் இருக்கு. அப்பிடித்தானே?"

"கோ...தாரி."

"சரி. கிளினிக் நாளுக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். ஞானம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போறன். நீங்கள் என்ன சொல்லோணுமோ, எந்த மாதிரிச் சொன்னாலும் டொக்டர் கேக்கும்வரைக்கும் நான் எழும்பன். ஆனால் அதுவரைக்கும் நீங்கள் உயிரோடை இருக்கோணுமெல்லே? இந்தாங்கோ."

கந்தப்பு அண்ணை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

கிளினிக் நாள் காற்று எதிரே அடித்தது. கிளரன்ஸின் சைக்கிள் கரியரில் தலையணை வைத்து, கந்தப்பு அண்ணையை ஏற்றி, விழாமல் இருக்க ஒரு சால்வையால் இரண்டு பேரின் இடுப்பையும் சேர்த்துக் கட்டினோம். பராசக்தியின் சைக்கிளில் ஞானம் அக்கா. பின்னால் இன்னொரு சைக்கிளில் நான். வழியில் தோட்டத்தில் நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றிவிட்டுப் பார்த்தார்கள்.

"கிளரன்ஸ், ஆரை ஆர் கட்டிக்கொண்டு போறியள்?"

"கலியாணம் முடிஞ்சுது அண்ணை, பந்திக்குப் போறம்!" என்று கத்தினார் கிளரன்ஸ், மூச்சு வாங்க.

ஆஸ்பத்திரி விறாந்தையில் வாங்குகள் நிரம்பி வழிந்தன. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் குளிசைச் சரையைத் திறந்து காட்டினார். "இது சூடு. ஒருநாள் போட்டால் ரண்டு நாள் விடோணும். நான் அப்பிடித்தான்." அடுத்தவர், "எனக்குச் சுகமாயிட்டுது எண்டு நான் விட்டிட்டன்" என்றார். "பேந்தேன் வந்தனீங்கள்?" என்று கிளரன்ஸ் கேட்டார். "சுகமில்லை, அதுதான்" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

எங்கள் முறை வந்தது. டொக்டர் குணலட்சுமி களைத்திருந்தார். இளம் பெண். கொண்டை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது.

"எப்பிடி ஐயா?"

"கோதாரி."

"எனக்கும் அப்பிடித்தான். காலமை துவக்கம் தேத்தண்ணி கூடக் குடிக்கேல்லை." சொல்லிக்கொண்டே பிறசர் பார்க்கிற பட்டியை அவருடைய இடக்கையில் சுற்றிக் காற்றடித்தார். "நல்லாக் குறைஞ்சிருக்கு. வடிவாப் பாக்கிறியள், அம்மா."

"வடிவாப் பாக்கிறனோ எண்டு அவரைக் கேளுங்கோ, டொக்டர்" என்றார் ஞானம் அக்கா. "என்னிலை முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார். நான் வெளியிலை நிக்கிறன். அவர் சொல்லட்டும்."

"நில்லுங்கோ அம்மா. சொல்லுங்கோ ஐயா, என்ன?"

கந்தப்பு அண்ணையின் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ ஒரு சொல்லைத் தூக்கப் பார்த்தார். அது எழும்பவில்லை. நெற்றி வியர்த்தது. கிளரன்ஸ் அவர் முதுகில் கையை வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கோதாரி!" என்று கத்தினார். பட்டி சுற்றியிருந்த இடக்கையை மேசையில் ஊன்றி, பட்டியின் நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தார். "ஐயோ, கிழியப்போகுது" என்று தாதி ஓடிவந்தாள். பட்டி கழன்று விழுந்தது. விடுபட்ட கையால் ஞானம் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து, இழுத்து, மேசைமேல் வைத்தார். பட்டியை எடுத்து அந்தக் கையின்மேல் போட்டார். சுற்ற முடியவில்லை. போட்டுவிட்டுத் தன் உள்ளங்கையால் அதை அமத்திக்கொண்டு நின்றார்.

"இதென்ன பகிடி! ஆக்கள் பாக்கினம், விடுங்கோ" என்றார் ஞானம் அக்கா.

டொக்டர் சிரிக்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, இந்தக் கதிரையிலை இருங்கோ" என்றார்.

பட்டியைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். கொஞ்சநேரம் விட்டு மற்றக் கையிலும் பார்த்தார்.

"பிடரி வலிக்குதே?"

"அது வெயிலுக்கு. எண்ணெய் பூசினால் போயிடும்."

"தலை சுத்துமே?"

"குனிஞ்சு நிமிர்ந்தால் ஆருக்கும் சுத்தும்தானே. கிணத்துக் கட்டைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சநேரம் நிண்டால் சரி."

"அம்மா! எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" என்றாள் பராசக்தி.

"உங்களுக்கு நல்ல பிறசர் இருக்கு, அம்மா. ஐயா விழுந்த அண்டைக்கு இருந்த மாதிரித்தான்" என்றார் டொக்டர். "கனபேருக்கு இது ஒண்டுமே காட்டாது. உங்களுக்குக் காட்டியிருக்கு, நீங்கள் எண்ணெயைப் பூசியிருக்கிறியள். இண்டையிலிருந்து குளிசை. சுகமெண்டு தெரிஞ்சாலும் விடக்கூடாது. உப்புக் குறையோணும். கருவாடு சாப்பிடுறனீங்களே?"

பராசக்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கிளரன்ஸ் கூரையைப் பார்த்தார்.

"எனக்கெப்பிடிப் பிறசர் வரும், டொக்டர்? நான் கோவப்படாத ஆள்!" என்று ஞானம் அக்கா கோபமாகச் சொன்னார்.

"பிறசர் கோவக்காரரைத் தேடி வாறேல்லை, அம்மா." டொக்டர் கந்தப்பு அண்ணையின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கெப்பிடித் தெரிஞ்சது?"

அவர் இடக்கையைத் தன் பிடரியில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடித் தலையை ஒருதரம் சுற்றினார். பிறகு அதே கையை ஞானம் அக்காவின் பிடரியில் வைத்தார்.

"உங்களுக்கும் விழமுதல் இப்பிடித்தான் இருந்ததே? ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

அவர் தலையைக் குனிந்தார். "கோதாரி" என்றார், காதில் விழுந்தும் விழாமலும்.

ஞானம் அக்கா பிடரியில் கிடந்த அந்தக் கையை எடுத்துவிடவில்லை. அவ்வளவு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது காற்று முதுகில் அடித்தது. கிளரன்ஸ் மிதிக்காமலே சைக்கிள் ஓடியது. சந்தையடியில் ஞானம் அக்கா, "பரா, நிப்பாட்டு" என்றார். பால் வாங்கவென்று நினைத்தேன். வெற்றிலைக் கடைக்காரியிடம் போய், "எனக்குப் பிறசர் இருக்காம்!" என்றார். நகைக்கடையில் புதுச் சங்கிலி வாங்கியவள்போல இருந்தது குரல். அங்கிருந்து நாலு வளவு தள்ளி, துலாவில் நின்ற பொன்னையரைக் கூப்பிட்டுச் சொன்னார். எதிரே சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் விடவில்லை.

ஒழுங்கை முடக்கில் நல்லம்மா விளக்குமாற்றோடு நின்றாள். ஞானம் அக்கா சைக்கிளிலிருந்து குதித்தே இறங்கினார்.

"நல்லம்மா, கேட்டியே? எனக்குப் பிறசராம். இருநூறுக்குக் கிட்டவாம்!"

"ஐயோ! அதுக்கேன் அக்கா சிரிக்கிறியள்?"

"உந்த மனிசன்தான் கண்டுபிடிச்சவர்" என்றார் ஞானம் அக்கா. "ஊர் முழுக்கச் சொன்னனியெல்லே, என்னைத் திட்டுறார் எண்டு. போ, இதையும் போய்ச் சொல்லு."